கூட்டுக் கையொப்பமும் வரிப் பொறுப்பும்

கடன் பத்திரத்தில் இருவர் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டால், முழுத்தொகையையும் ஒருவரிடமே வசூலிக்கலாம் என்பதை அங்கத்தினர்கள் அறிவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தம்பதிகள் சேர்ந்து தாக்கல் செய்யும் வருமான வரிக் கணக்கிற்கும் இவ்விதியே பொருந்தும். வருமானத்தை மறைத்தவர் கணவரேயாயினும், விவாகரத்து ஆன பின்னரும், வரி முழுவதையும் மனைவியிடம் கேட்கலாம்.

இந்த அநீதியைக் களைய 1971-ஆம் ஆண்டில் சட்டம் வழி செய்தது. 1998-இல் அவ்வழி விரிவாக்கப்பட்டது. நிவாரணம் கோருபவர், கையொப்பமிட்டபோது அந்தத் தவற்றைத் தாம் அறியவில்லை, அறிந்திருக்கக் காரணமும் இல்லை, தம்மீது பொறுப்பைச் சுமத்துதல் நியாயமன்று என்று மெய்ப்பித்தல் வேண்டும். வசூல் நடவடிக்கை தொடங்கிய இரண்டாண்டுகளுக்குள் 8857-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்தலும் அவசியம்.

கேளாதவருக்கு இந்நிவாரணம் இல்லை. ஆதலின், கணக்கைப் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுதல் நலம் என்பதே நாம் வற்புறுத்துவது.