வம்சாவளியில் ஒரு வடிகட்டி



1904 ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலஸுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நான்கு பெண்களுக்குப் பிறகு பிறந்த வாரிசு! அலெக்ஸி என்று பெயரிட்டார்கள். ஆனால் சில வாரங்களிலேயே குழந்தையின் தொப்புளிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியது; எளிதில் நிற்கவில்லை. நமக்குக் காலில் முள் குத்தினால் சில நிமிடங்களில் இரத்தம் தானே உறைந்து விடுகிறது அல்லவா? அலெக்ஸிக்கு அப்படி உறையவில்லை. இந்த நோய்க்கு ஹீமோபிலியா என்று பெயர்.

இது தொற்றுநோயன்று. குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்தது. அந்தத் தாய்க்கு அவருடைய தாயிடமிருந்து வந்தது. அவருக்கோ, தம் தாயான இங்கிலாந்து அரசி விக்டோரியாவிடமிருந்து!

விக்டோரியாவுக்குப் பிள்ளைகள் 9 பேர். பேரக் குழந்தைகள் 42 பேர். கொள்ளுப் பேரர்களையும் சேர்த்தால் நூற்றைத் தாண்டிவிடும். இத்தனை பேரில் இந்த நோயைச் சுமந்த பெண்கள் யார், யார்? பெரிய தாளில் கொடிவழியை வரைந்து, விரலை வைத்துத் தேடினால் ஒரு மாலைப் பொழுது போய்விடும். கணிப்பொறி கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். ஆனால் அதனிடம் கேட்கத் தெரிய வேண்டும்!

கேள்விதான் வடிகட்டி

குடும்ப வரலாற்றைப் பதிந்து வைக்க வம்சாவளி மென்பொருள்கள் பல உள்ளன. 2001 இல் தொடங்கப்பட்ட கிராம்ப்ஸ் அவற்றுள் ஒன்று. அதை யாரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம். ஒவ்வொருவரின் பெயர், பிறப்பு, இறப்பு, பெற்றோர், வேறு குறிப்புகள் ஆகியவற்றை அதில் பதியலாம். பிறகு நமக்கு வேண்டியவர்களை மட்டும் பிரித்தெடுக்க நாமே வடிகட்டி செய்துகொள்ளலாம்.

வடிகட்டி என்பது விதிகளின் தொகுப்பு. ‘பெண்’ என்பது ஒரு விதி. ‘விக்டோரியாவின் வழித்தோன்றல்’ என்பது இன்னொரு விதி. விதிகளை எப்படிச் சேர்ப்பது என்பதையும் நாம் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. உங்கள் இயற்பியல் பாடத்தைக் கொண்டே அவற்றைப் புரிந்துகொள்ளலாம்.

ஒரு விளக்குக்கு இரண்டு சுவிட்சுகளைத் தொடராக இணையுங்கள். இரண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும். இது ‘எல்லா விதிகளும் பொருந்த வேண்டும்’ என்பதற்குச் சமம். சுவிட்சுகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் ஒன்றைப் போட்டாலே போதும். இது ‘ஒரு விதியாவது பொருந்த வேண்டும்’ என்பது. மாடிப்படி விளக்கைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். ஒன்றை மாற்றினால் எரிகிறது. மற்றொன்றையும் மாற்றினால் அணைகிறது. இது ‘சரியாக ஒரு விதி மட்டும் பொருந்த வேண்டும்’ என்பது.

இந்தச் சிந்தனைக் கணிதத்தை ஜார்ஜ் பூல் 1854 இல் ஒரு நூலாக விளக்கினார். சுவிட்சுகளைக் கொண்டே அக்கணிதத்தைச் செய்யலாம் என்று 1937 இல் காட்டியவர் கிளாட் ஷானன். இன்றைய கணிப்பொறிகள் எல்லாம் அந்த அடிப்படையில் இயங்குபவையே.

‘உம்’ செய்யும் குழப்பம்

இங்கே ஓர் எச்சரிக்கை. “பெரியப்பா வீட்டாரையும் சித்தப்பா வீட்டாரையும் விருந்துக்கு அழைத்து வா” என்று அம்மா சொன்னால் என்ன செய்வீர்கள்? இரண்டு வீட்டாரையும் அழைப்பீர்கள். கணிப்பொறியில் அந்த ‘உம்’மை நம்பி, ‘எல்லா விதிகளும்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், ஒருவர்கூட விருந்துக்கு வரமாட்டார். பெரியப்பா வீட்டைச் சேர்ந்தவராகவும், அதே சமயம் சித்தப்பா வீட்டைச் சேர்ந்தவராகவும் இருப்பவரை அது தேடும்! நமக்கு வேண்டியது ‘ஒரு விதியாவது’ என்ற அமைப்பு.

வடிகட்டிக்குள் வடிகட்டி

இப்போது விக்டோரியாவின் குடும்பத்துக்குத் திரும்புவோம். நோயுற்றவர் ஒவ்வொருவருக்கும் ‘ஹீமோபிலியா’ என்ற குறிப்பைப் பதிந்துவிட்டோம் என்று கொள்வோம். முதல் வடிகட்டியில் ஒரே விதி: ‘இந்தக் குறிப்பு உள்ளவர்கள்’. வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டவர்களை மட்டும் பதிந்திருந்தால் 9 பேர் அகப்படுவார்கள். விக்டோரியாவின் மகன் லியோபோல்டு அவர்களுள் ஒருவர், அலெக்ஸி இன்னொருவர். ஒன்பது பேரும் ஆண்களே!

காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இந்நோய்க்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது தாயிடமிருந்து வருவது. அது பழுதானால் நோய் வந்துவிடும். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் காப்பாற்றிவிடும். ஆனால் பழுதைத் தம் பிள்ளைகளுக்கு அவர் கடத்தக்கூடும்.

எனவே இரண்டாம் வடிகட்டிக்கு இரண்டு விதிகள். ஒன்று, ‘முதல் வடிகட்டியில் அகப்பட்டவர்களின் பெற்றோர்’. மற்றொன்று, ‘பெண்’. எல்லா விதிகளும் பொருந்த வேண்டும். ஒரு வடிகட்டியின் விடையையே மற்றொன்றுக்கு விதியாக்கிவிட்டோம், பார்த்தீர்களா? தவறிப்போய் ‘ஒரு விதியாவது’ என்று வைத்தால் குடும்பத்துப் பெண்கள் அனைவரும், நோயுற்றவர்களின் தந்தையரும் வந்து நிற்பார்கள்.

சரியாக அமைத்தால் வருபவர்கள் 7 பேர்: விக்டோரியா, அவர் மகள்கள் ஆலிஸ், பியாட்ரிஸ், ஆலிஸின் மகள்கள் ஐரீன், அலெக்ஸாண்ட்ரா, பியாட்ரிஸின் மகளான ஸ்பெயின் அரசி விக்டோரியா யூஜினி, லியோபோல்டின் மகள் ஆலிஸ். நோயைச் சுமந்த பெண்களைக் கண்டுபிடித்துவிட்டோம்!

எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டோமா?

வடிகட்டியைத் தலைகீழாக்கும் வசதியும் உண்டு. அப்போது விதிக்குப் பொருந்தாதவர்கள் வருவார்கள். இரண்டாம் வடிகட்டியை அப்படித் தலைகீழாக்கி, ‘விக்டோரியாவின் வழித்தோன்றல்’, ‘பெண்’ என்ற விதிகளையும் சேர்ப்போம். நீளமான பட்டியல் ஒன்று வரும். இவர்கள் நோயைச் சுமக்காத பெண்கள் என்று எழுதிவிடலாமா?

அந்தப் பட்டியலில் அலெக்ஸியின் அக்காமார் நால்வரும் இருப்பார்கள். 1918 இல் ரஷ்ய அரச குடும்பத்தினர் கொல்லப்பட்டபோது அந்நால்வருக்கும் மணமாகியிருக்கவில்லை. பின்னர் கண்டெடுக்கப்பட்ட அக்குடும்பத்தாரின் எலும்புகளில் மரபணு ஆய்வு நடந்தது. 2009 இல் முடிவு வெளியாயிற்று. அலெக்ஸிக்கு இருந்தது ஹீமோபிலியாவின் ‘பி’ வகை என்று தெரிந்தது. அத்துடன், அக்காமாருள் ஒருவரும் அந்தப் பழுதைச் சுமந்திருந்தார் என்று தெரிய வந்தது!

வடிகட்டி தவறு செய்ததா? இல்லை. ‘நோயுற்ற மகன் இருப்பதாகப் பதிவு உள்ளதா?’ என்றுதான் நாம் கேட்டோம். ‘நோயைச் சுமக்கிறாரா?’ என்று கேட்கவில்லை. பிள்ளையே இல்லாதவருக்கு அந்தப் பதிவு எப்படி இருக்கும்? பிள்ளை பெற்றவரையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பழுதைச் சுமக்கும் தாயின் மகன் நோயின்றிப் பிறக்கும் வாய்ப்பு பாதி. இரண்டு மகன்களும் தப்பும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூவரும் தப்புவது எட்டில் ஒன்று. ஆகவே ‘பதிவு இல்லை’ என்பது வேறு, ‘நோய் இல்லை’ என்பது வேறு. மருத்துவரிடம் குடும்ப வரலாற்றைச் சொல்லும்போது இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், சோதித்துப் பார்க்க வேண்டிய ஒருவர் சோதிக்கப்படாமலே போகக்கூடும்.

உங்கள் வீட்டு வம்சாவளியைத் தொகுக்கும்போதும் இதை மனத்தில் கொள்ளுங்கள். முதலில் ‘பிறந்த தேதி தெரியாதவர்கள்’ என்று ஒரு வடிகட்டி செய்யுங்கள். நிரப்பப்படாத கட்டங்கள் எத்தனை என்று தெரிந்துவிடும். அந்தப் பட்டியலோடு பாட்டியிடம் போய் உட்காருங்கள். வடிகட்டிக்குத் தெரியாதது பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம்!

முடிவாக உங்களுக்கு ஒரு புதிர். 1948 இல் பிறந்த மன்னர் மூன்றாம் சார்லஸின் தாய், விக்டோரியாவின் மகன் ஏழாம் எட்வர்டின் வழியில் வந்தவர். தந்தை, விக்டோரியாவின் மகள் ஆலிஸின் வழியில் வந்தவர். ‘எட்வர்டின் வழித்தோன்றல்’, ‘ஆலிஸின் வழித்தோன்றல்’ என்று இரண்டு விதிகள் வைத்து, மேலே சொன்ன மூன்று அமைப்புகளிலும் தேடுகிறீர்கள். சார்லஸ் எதில் அகப்படுவார்? எதில் நழுவிவிடுவார்? விடை சொல்லுமுன் மாடிப்படி விளக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்!