மூன்றாவது பெடல்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் தங்கள் 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ராமேட்டிக்' என்னும் தானியங்கி கியர் பெட்டியைப் பொருத்தி விற்கத் தொடங்கியபோது, ஓட்டுகிறவருடைய இடது காலுக்கு விமோசனம் பிறந்தது. அந்த விமோசனமே வேண்டாமென்று, பணத்தையும் பிரயாசையையும் கொட்டிப் பழைய கிளட்ச்சைத் திரும்ப வரவழைக்கும் ரசிகர்களும் அதே அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு மிகவும் உகந்த கார்களில் ஒன்று, 1979 முதல் 1993 வரை வெளிவந்த ஃபோர்ட் மஸ்டாங். அதன் 5 லிட்டர் எஞ்சினுடன் தானியங்கிப் பெட்டியையும், 'டி-5' என்ற ஐந்து கியர்ப் பெட்டியையும் ஃபோர்டே விற்றிருப்பதால், எந்தப் பாகத்தையும் புதிதாகச் சிருஷ்டிக்க வேண்டியதில்லை.

ஆயினும், ஒரு பெட்டியை இறக்கி மற்றொன்றை ஏற்றுவதோடு காரியம் முடிந்துவிடுமென்று நினைப்பவர் ஏமாந்து போவார். தானியங்கிப் பெட்டியின் டார்க் கன்வெர்ட்டரும் அதைத் தாங்கும் மெல்லிய தகடும் போன இடத்தில் கனத்த ஃபிளைவீல் வரவேண்டும். பழைய எஞ்சின்களுக்கான 28 அவுன்ஸ் கணக்கில் சமன் செய்த ஃபிளைவீலை, 50 அவுன்ஸ் கணக்குடைய பிந்திய எஞ்சினில் தெரியாமல் மாட்டிவிட்டால், வண்டி முழுவதும் நடுங்கும். கிராங்க் ஷாஃப்டின் நுனியில் உள்ள குழியில், தானியங்கி வண்டிக்குத் தேவைப்படாத சிறிய பைலட் பேரிங்கைத் தட்டிப் பொருத்தவும் மறக்கலாகாது.

உண்மையான தபசு டாஷ்போர்டின் அடியில்தான். ஸ்டியரிங் தண்டைத் தளர்த்தி இறக்கி, மல்லாந்து படுத்து, அகன்ற பிரேக் பெடலைக் கழற்றி, கிளட்ச் பெடலுடன் கூடிய புதிய தொகுதியைப் பூட்டுவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். தானியங்கி வண்டியில் கியர் லீவர் 'பார்க்' அல்லது 'நியூட்ரல்' நிலையில் நின்றால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். அந்த லீவர் போனபின், மின்சாரம் செல்லும் கம்பிகளை வெறுமனே இணைத்துவிடும் சோம்பேறிகள் உண்டு. கியரில் இருக்கும் வண்டி சாவியைத் திருப்பியதும் முன்னே பாய்ந்துவிடுமாதலால், கிளட்ச்சை மிதித்தால்தான் கிளம்பும்படி ஸ்விட்ச் வைப்பதே விவேகம்.

இக்காலத்துத் தானியங்கிப் பெட்டிகள் மனிதக் கையைவிட விரைவாகக் கியர் மாற்றுவதால், வேகத்துக்காக இதைச் செய்கிறோமென்பது வெறும் சாக்கு. சந்தோஷத்துக்காகவே செய்கிறார்கள், அது போதுமான காரணந்தான். முனைகிறவர்கள், பாகங்களைத் துண்டுதுண்டாக வாங்கி ஏமாறாமல், விபத்தில் நொறுங்கிய கிளட்ச் மஸ்டாங் ஒன்றை முழுசாக வாங்கி, அதன் திருகாணிகளைக்கூட விடாமல் கழற்றிக்கொள்ளட்டும். கையிலுள்ள காரின்மேல் தனிப்பட்ட பிரியம் இல்லாதவர்களோ, அதை விற்றுவிட்டுக் கிளட்ச் உள்ள வண்டியையே வாங்கிக்கொள்வது லாபம்.