வியட்நாம் போர்க்கால அமெரிக்காவில் கட்டாயப் படைச்சேர்ப்பு

வியட்நாம் போரின்போது ஐக்கிய அமெரிக்கா தன் நாட்டு இளைஞர்களைச் சட்டப்படி கட்டாயமாகப் படையில் சேர்த்தது. 1964 முதல் 1973 வரை ஏறத்தாழ 18 லட்சம் ஆண்கள் இவ்வாறு சேர்க்கப்பட்டனர். அப்போரில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் பல லட்சம் வியட்நாமியரும் உயிரிழந்தனர். ‘யார் போருக்குப் போவது?’ என்ற கேள்வி அமெரிக்கச் சமூகத்தையே பிளந்தது.

விலக்கும் ஏற்றத்தாழ்வும்

18 வயதான ஆண்கள் அனைவரும் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் கல்லூரியில் முழுநேரம் படிப்போர் படைச்சேவையைத் தள்ளிப்போட முடிந்தது. ஆகவே கல்லூரிக்குச் செல்ல வசதியற்ற ஏழை, தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் மீதே சுமை அதிகம் விழுந்தது. கறுப்பின மக்கள் படும் இந்த அநீதியை மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கில் ஆற்றிய உரையில் கண்டித்தார். அதே மாதம் குத்துச்சண்டை வீரர் முகமது அலி படையில் சேர மறுத்தார். அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், 1971-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது.

குலுக்கல் முறை

ஏற்றத்தாழ்வைக் குறைக்க, 1969 டிசம்பர் 1 அன்று குலுக்கல் நடந்தது. ஆண்டின் 366 தேதிகளும் தனித்தனிச் சீட்டுகளாக நெகிழிக் குப்பிகளில் இடப்பட்டன. முதலில் வந்தது செப்டம்பர் 14. 1944 முதல் 1950 வரை அந்நாளில் பிறந்தவர்களே முதல் வரிசையில் அழைக்கப்பட வேண்டியவர்கள். இதனைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. எனினும் மாதவாரியாக இடப்பட்ட குப்பிகள் நன்கு கலக்கப்படவில்லை. அதனால் ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களே முன்வரிசையில் அதிகம் சிக்கினர். சமவாய்ப்பு முறை எவ்வாறு பிழைபடும் என்பதற்குப் புள்ளியியல் ஆசிரியர்கள் இன்றும் இதனை எடுத்துக்காட்டுவர்.

வாக்குரிமை

18 வயதில் போருக்கு அனுப்பப்பட்டவர், அந்தப் போரை முடிவு செய்யும் அரசைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலான மாநிலங்களில் 21 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இம்முரண்பாடு எழுப்பிய குரலின் பயனாக, 1971 ஜூலையில் 26-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறி, வாக்களிக்கும் வயது 18 ஆனது.

முடிவு

கட்டாயப் படைச்சேர்ப்பு 1973-இல் நின்றது. படைச்சேர்ப்புக்குத் தப்பியவர்களுக்கு 1977-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பொதுமன்னிப்பு வழங்கினார். அமெரிக்கப் படை இன்று தாமாக முன்வருவோரைக் கொண்டே இயங்குகிறது. எனினும் இளைஞர்களின் பெயரைப் பதிவு செய்யும் நடைமுறை 1980-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது.