பள்ளியை விட்டால் நாதியற்ற மொழி

"ரெண்டு மொழிய ஒண்ணாத் திணிச்சா பிள்ளை குழம்பிடாதா?" இருமொழிப் பள்ளி என்றதும் பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி. மூளையைப் பற்றிய கேள்வி மாதிரி தெரிகிறது. எனக்கு அது அதிகாரத்தைப் பற்றியதாகப் படுகிறது.

1965இல் மான்ட்ரியலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் பள்ளி நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, பொதுப்பள்ளியில் மழலையர் வகுப்பு ஒன்றை முழுக்கப் பிரெஞ்சில் தொடங்க வைத்தனர். ஆங்கிலப் பாடம் இரண்டாம் வகுப்பில்தான் வந்தது. வாலஸ் லாம்பர்ட்டும் (ஊர்ப்பெயரோடு ஒற்றுமை தற்செயல்) ரிச்சர்ட் டக்கரும் 1972இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதலில் ஆங்கில வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் பிறகு ஈடுகட்டிவிட்டார்கள். பிரெஞ்சு லாபம்.

காரணம் சாதாரணமானது. வீடு, தெரு, தொலைக்காட்சி, உத்தியோகம் எல்லாமே ஆங்கிலத்தின் பக்கம் நின்றன. பள்ளியால் பறிக்க முடியாத மொழி அது. லாம்பர்ட் இதைக் கூட்டல் இருமொழியம் என்றார். புலம்பெயர்ந்தவரின் பிள்ளைக்கு நேர்வதோ பெரும்பாலும் கழித்தல்: பள்ளிமொழி ஏற ஏற வீட்டுமொழி கரையும். 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பப்படுகிற மான்ட்ரியல் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் முன்னாலும் இந்த ஆபத்து நிற்கிறது. அதே நகரம், அதே பிரெஞ்சு, கணக்கு வேறு.

ஆகவே புதிய இருமொழிப் பள்ளியை எடைபோடுகிற பெற்றோர் கேட்க வேண்டியது: இரண்டில் எந்த மொழிக்குப் பள்ளியை விட்டால் நாதியில்லை? பாட்டுக்கும் கதைக்கும் மட்டும் அதை வைத்திருக்கிறார்களா, கணக்கும் அறிவியலும் அதில் நடக்குமா? பலமான மொழி எப்படியும் பிழைச்சுக்கும்.