புல்லு மருந்து அடிக்கும்போது நடையையும் கவனியுங்க

மருந்தடித்து மூன்று வாரம் ஆகியும் புல் சாகாவிட்டால் எல்லோரும் மருந்தைத்தான் ஏசுகிறோம். "போத்தல்ல தண்ணி கலந்திருக்கு" என்பார் ஒருவர். "இப்ப வாற மருந்தே சரியில்ல" என்பார் இன்னொருவர். நாங்கள் மலைகளில் நின்று பார்த்த வரைக்கும், பல தடவை குற்றம் அடித்த விதத்தில்தான் இருந்தது.

நம்ம மலைகளில் அதிகம் பேசப்படுவது கிளைபோசேட். 2015இல் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டார்கள். 2021இல் இரசாயன இறக்குமதியையே நிறுத்தி, 2022இல் மறுபடி விட்டார்கள். மலை காடாகிப் போன அந்த நாட்களில் கொழுந்துக்குப் போன அக்காமார் பட்ட பாடு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த மருந்து பச்சை இலை வழியாக உள்ளே போய், வேருக்கு இறங்கிப் புல்லைக் கொல்லும். மண்ணில் விழுந்தால் மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புல்லுக்குப் பலன் இல்லை. அதனால்தான் கானில் ஓடும் கலங்கல் தண்ணியில் கலக்கக் கூடாது என்கிறோம். தண்ணியில் இருக்கும் மண்ணே பாதி மருந்தை வீணாக்கிவிடும். புல்லை வெட்டிய கையோடு அடிப்பதும் வீண்தான், மருந்து குடிக்க இலை வேண்டுமே! துளிர்த்து வரும்வரை பொறுக்க வேண்டும். அடித்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் மழை வந்தாலும் கழுவிக்கொண்டு போய்விடும்.

இனி நடைக்கு வருவோம். இரண்டு தம்பிமார் ஒரே கலவையை, ஒரே 16 லீற்றர் டாங்கியில் அடிக்கிறார்கள். ஒருவர் 100 சதுர மீற்றருக்கு நாலரை லீற்றர் செலவழிக்கிறார். மற்றவர் மெதுவாக நடந்து ஆறு லீற்றர் விடுகிறார். டாங்கியில் ஊற்றிய மருந்து ஒன்றுதான். ஆனால் இரண்டாமவர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மருந்து விழுகிறது. கொந்தரப்பு என்று ஓடி ஓடி அடிப்பவரிடமோ அளவு குறைந்து, புல் மஞ்சளாகி மறுபடி எழும்பும். ஆகவே முதலில் வெறும் தண்ணியை ஊற்றி, பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் அளந்து அடித்துப் பாருங்க. எத்தனை லீற்றர் போனது என்று தெரிந்த பிறகுதான் கலவைக் கணக்கு. இதற்கு அரைமணி நேரம் கொடுக்க மனமில்லாத கங்காணிமாரும் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பூச்சிக்கு அடிக்கும் புகைபோன்ற நொசில் இதற்கு ஆகாது. சின்னத் துளி காற்றில் பறந்து தேயிலையில் படும். பட்ட செடியில் கொழுந்து ஊசிபோலச் சிறுத்து வரும். நிறை குறைவது நம்ம பெண்களின் கூடையில்தான். விசிறிபோல் விரியும் நொசிலைப் போட்டு, பம்பை அமத்தாமல், தாழ்வாகப் பிடித்து அடியுங்க. புல் திட்டுத் திட்டாக இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் போதும். கவ்வாத்து வெட்டிய மலையில் இளந்துளிர் வந்திருந்தால் அடிக்கவே வேண்டாம். செடிமேல் ஏறிய கொடியைக் கையால் பிடுங்குவதுதான் வழி.

நொசில் அடைத்தால் வாயால் ஊதுபவரை இன்னமும் காண்கிறோம். தயவுசெய்து வேண்டாம். ஒரு ஈர்க்கோ பழைய பல் பிரஷோ சட்டைப்பையில் இருக்கட்டும். சப்பாத்து, கையுறை, முழுக்கைச் சட்டை தோட்டம் தரவேண்டியவை. தராவிட்டால் பிரட்டிலேயே கேளுங்க. மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி லயத்துக்குக் கொண்டு வராதீங்க. பிள்ளைகளுக்குச் சோடாவும் ஒன்று, மருந்தும் ஒன்று. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

டாங்கியைப் பீலியில் கழுவக் கூடாது. கழுவிய தண்ணியை அடித்த மலையிலேயே தெளித்துவிடுங்க. அன்றைய உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்கச் சொல்லி வீட்டில் சொல்லி வையுங்க.