சிவப்பு அடித்தால் மட்டும் போதுமா? எக்ஸெல் ஷீட்டைக் காதால் படிப்பவர்களும் இருக்கிறார்கள்!

“சிவப்பு கலர்ல இருக்கிற கஸ்டமர்களுக்கு இன்னைக்கே போன் பண்ணிடுங்க.”

அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ், கூடவே ஒரு எக்ஸெல் ஃபைல். பார்வையுள்ள ஊழியர் உடனே போனை எடுத்துவிடுவார். அதே குரூப்பில் இருக்கும் பார்வை மாற்றுத்திறனாளி? அவருடைய கணினி பெயரை வாசிக்கிறது, எண்ணை வாசிக்கிறது. சிவப்பைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை. பக்கத்து சீட்காரரைத்தான் கேட்க வேண்டும். வேலை தெரியாமல் அல்ல, ஷீட் அப்படி!

பார்வையற்றவர்கள் கணினியை இயக்க உதவுவது ஸ்க்ரீன் ரீடர் என்கிற மென்பொருள். திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. அவரும் பார்வையற்றவர்தான்.

நாம் ஷீட் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுகிறோம். கேட்பவருக்கோ ஒரு நேரத்தில் ஒரு செல்தான். “4,500, டி12” என்று காதில் விழும். அது அசலா, வட்டியா? ஒவ்வொரு பத்திக்கும் மேலே தெளிவான தலைப்பு இருந்தால்தான் புரியும். கன்ட்ரோல்-டி அழுத்தி பட்டியலை டேபிளாக மாற்றிவிடுவது நல்லது.

‘அழகா இருக்கட்டுமே’ என்று நாம் செய்யும் மெர்ஜ் அண்ட் சென்டர்தான் பெரிய வில்லன். நாலு செல் ஒன்றாகிவிட்டால், எந்தப் பத்தியில் நிற்கிறோம் என்று கேட்பவர் குழம்பிப்போவார். நடுநடுவே விடும் காலி வரிசைகளும் அப்படித்தான். பட்டியல் முடிந்துவிட்டது என்று நினைத்து அவர் அங்கேயே நிறுத்திவிட்டால், கீழே உள்ள பெயர்கள் அம்போ!

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசு வேலைகளில் 4 சதவிகித இடஒதுக்கீடு தருகிறது. அதில் 1 சதவிகிதம் பார்வையின்மை, குறைபார்வை உள்ளவர்களுக்கு. தேர்வெழுதி ஜெயித்து வந்தவரை ஒரு கலர் பட்டை ஓரங்கட்டுவது என்ன நியாயம்?

இத்தனைக்கும் தீர்வு சின்னது. நிறத்துக்குப் பக்கத்தில் ‘நிலை’ என்று ஒரு பத்தி சேர்த்து, ‘இன்று அழைக்கவும்’ என டைப் செய்தால் போதும். ஃபில்டர் போடவும் வசதி. ‘ஷீட்1’ என்பதற்குப் பதில் ‘மார்ச் நிலுவை’ என்று பெயர் வையுங்கள். ரிவ்யூ மெனுவில் உள்ள செக் அக்சசிபிலிட்டி சில தவறுகளைக் காட்டும். ஆனால், சிவப்புக்கு நீங்கள் மனதில் வைத்திருக்கும் அர்த்தம் அதற்குத் தெரியாது.

அனுப்பும் முன் விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நரேட்டர் பேச ஆரம்பிக்கும். மானிட்டரை அணைத்துவிட்டு, இன்று யாருக்கெல்லாம் போன் செய்ய வேண்டும் என்று கண்டுபிடித்துப் பாருங்கள். நிறுத்தவும் அதே மூன்று பட்டன்கள்தான்.