கணக்கர் ஜயித்த ஆட்டம்

அமெரிக்கா தேசத்தில் டென்னஸி என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அந்த மாகாணத்தில் கணக்கு எழுதும் உத்தியோகத்தில் இருந்த 27 வயது வாலிபர் ஒருவர், 2003-ம் வருஷத்தில், உலகத்துச் சீட்டாட்டக்காரர்களெல்லாம் தலைமையானதாக மதிக்கும் பந்தயத்தில் முதற் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். அவருடைய பெயர் கிறிஸ் மணிமேக்கர். 'மணிமேக்கர்' என்றால் 'பணம் பண்ணுகிறவர்' என்று அர்த்தம். கதை எழுதுகிறவர் யாராவது தம்முடைய கதாநாயகனுக்கு இப்படிப் பெயர் வைத்தால், "கொஞ்சமும் இயற்கையாக இல்லையே!" என்று நேயர்கள் குறை சொல்வார்கள். ஆனால் இது அவருடைய குடும்பத்துக்கே உரிய சொந்தப் பெயர். உண்மை சில சமயம் கதையைக் காட்டிலும் துணிச்சலாக நடந்துகொள்கிறது.

லாஸ் வேகாஸ் நகரத்தில் 1970-ம் வருஷத்திலிருந்து நடந்து வரும் போக்கர் உலகப் போட்டியின் முக்கிய ஆட்டத்துக்குப் பிரவேசக் கட்டணம் 10,000 டாலர். மாதச் சம்பளம் வாங்கும் கணக்கரால் அவ்வளவு பணத்தைத் தூக்கிக் கொடுக்க முடியுமா? மணிமேக்கர் தம் வீட்டிலிருந்தபடியே, இணைய வழியாக, நூறு டாலருக்கும் குறைவான கட்டணம் செலுத்தி ஒரு சிறு பந்தயத்தில் ஆடினார். அதில் ஜயித்ததனால் பெரிய பந்தயம் ஒன்றில் இடம் கிடைத்தது. அதிலும் ஜயித்ததனால் லாஸ் வேகாஸில் இடம் கிடைத்தது. பிறகு தமக்கு வரக்கூடிய பரிசில் ஒரு பகுதியைத் தகப்பனாருக்கும் ஒரு சிநேகிதருக்கும் முன்கூட்டியே விற்றுவிட்டு ரயிலோ விமானமோ ஏறினார் என்றால், அவருக்கே தம்மிடம் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். அன்று வரையில் அவர் நேருக்கு நேர் மனிதர்களோடு உட்கார்ந்து ஒரு பந்தய ஆட்டமும் ஆடியதில்லை. 839 பேர் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் கடைசியில் மிஞ்சியவர் அவரே. பரிசு 25 லட்சம் டாலர்!

இந்தச் செய்தி உலகெங்கும் பரவியதும் என்ன நடந்தது என்பதை எண்களே சொல்லும். அடுத்த வருஷம், 2004-ல், அதே ஆட்டத்துக்கு 2,576 பேர் வந்தார்கள். 2005-ல் 5,619 பேர். 2006-ல் 8,773 பேர். 2023-ம் வருஷத்தில் 10,043 பேர். ஒரு கணக்கரால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது என்று ஆசிரியர்களும், வக்கீல்களும், கடைக்காரர்களும், கலாசாலை மாணவர்களும் எண்ணியதன் பலன் இது. அந்த எண்ணத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு மயக்கம் என்பதைத்தான் இங்கே சிறிது ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுக்கப்படும். அவற்றை அவர் மட்டுமே பார்க்கலாம். மேஜையின் நடுவில் ஐந்து சீட்டுகள், முதலில் மூன்றும் பிறகு ஒவ்வொன்றாக இரண்டும், எல்லாருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கப்படும். ஆக ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுகிறவர் ஜயிக்கிறார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், கூட்டலாம், அல்லது "எனக்கு வேண்டாம்" என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். மற்றவர்கள் அனைவரும் ஒதுங்கிவிட்டால், கையில் ஒன்றுமே இல்லாதவனுங்கூட ஜயித்துவிடுவான். அதனால் நல்ல சீட்டு வருவது அதிர்ஷ்டம். கெட்ட சீட்டை நல்ல சீட்டுப்போல் நடத்திக் காட்டுவது சாமர்த்தியம். இரண்டும் பாலும் நீருமாகக் கலந்திருக்கின்றன.

பந்தயப் போட்டி என்பதில் இன்னொரு விசேஷம் உண்டு. கட்டணம் செலுத்தியவுடன் எல்லாருக்கும் சம எண்ணிக்கையில் வட்டமான வில்லைகள் கொடுக்கிறார்கள். அவை தீர்ந்தவர் எழுந்து போக வேண்டியதுதான். "சும்மா உட்கார்ந்து நல்ல சீட்டு வரும் வரையில் காத்திருக்கிறேன்" என்று சொல்லவும் வழியில்லை. முறைப்படி ஒவ்வொருவரும் கட்டியே தீரவேண்டிய கட்டாயப் பந்தயம் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தரம் ஏறிக்கொண்டே போகும். பொறுமைசாலியின் வில்லைக் குவியல் வெயிலில் வைத்த பனிக்கட்டியைப்போல் கரைந்துகொண்டிருக்கும். ஆகவே என்றாவது ஒரு நேரத்தில் உள்ளதை எல்லாம் நடுவில் தள்ளிவிட்டுக் கடவுளை நினைத்துக்கொள்ள வேண்டியதாகிறது.

இந்த ஆட்டத்தின் இன்பத்தை மறுப்பதற்கில்லை. மணிமேக்கர் கடைசி எதிரியான ஸாமி ஃபார்ஹாவுடன் தனித்து ஆடிய சமயத்தில், அவர் எதிர்பார்த்த சீட்டு எதுவும் வரவில்லை. கையில் ஒரு ஜோடிகூட இல்லை. எதிரியிடமோ ஒன்பதில் ஒரு ஜோடி இருந்தது. மணிமேக்கர் உள்ளதை எல்லாம் பணயமாகத் தள்ளிவிட்டுச் சிலையைப்போல் உட்கார்ந்திருந்தார். பல வருஷப் பழக்கமுள்ள ஃபார்ஹா நெடுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தார். அந்த ஒரு நிமிஷ நெஞ்சுறுதியை அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது. இதற்கும் முன்னால், 1982-ம் வருஷத்தில், ஜாக் ஸ்ட்ராஸ் என்பவர் எல்லாம் தோற்று எழுந்திருக்கும்போது மேஜையில் ஒரே ஒரு வில்லை மறைந்து கிடந்ததைக் கண்டு, மறுபடியும் உட்கார்ந்து ஆடி, போட்டி முழுவதையும் ஜயித்தார் என்று சீட்டாட்ட உலகத்தில் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். சனிக்கிழமை இரவுகளில் சிறு தொகை கட்டி ஆடும் ஒவ்வொருவர் மனத்திலும் அந்த ஒற்றை வில்லை மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நிற்க. இறக்கத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா?

இரண்டு சீட்டில் மிக உயர்ந்தது ஆஸ் ஜோடி. அது சராசரி 221 ஆட்டத்துக்கு ஒரு தரந்தான் வரும். அப்படி வந்து, எதிரியிடம் ராஜா ஜோடி இருந்து, இருவரும் உள்ளதை எல்லாம் வைத்தார்கள் என்று கொள்வோம். ஆஸ் வைத்திருப்பவர் ஏறக்குறைய ஐந்துக்கு நாலு தடவை ஜயிப்பார். ஐந்தாவது தடவை, ஒரு தவறும் செய்யாமலே, வீட்டுக்குப் போவார். ஒரு போட்டியில் இவ்விதம் ஐந்து முறை உயிரைப் பணயம் வைக்க நேர்ந்து, ஐந்து முறையும் நூற்றுக்கு எண்பது பங்கு சாதகம் தம் பக்கமே இருந்தாலும், ஐந்திலும் தப்புவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புத்தான் உண்டு. பெருக்கிப் பார்க்கிறவர்களுக்கு இது விளங்கும்.

மணிமேக்கருடைய ஜயத்திலேயே இதற்குச் சாட்சியம் இருக்கிறது. பத்துப் பேர் மிஞ்சியிருந்த சமயத்தில் அவர் ஃபில் ஐவி என்ற மகா நிபுணரோடு மோதினார். மணிமேக்கரிடம் ஆஸும் ராணியும். ஐவியிடம் ஒன்பது ஜோடி. பொதுச் சீட்டில் முதலில் இரண்டு ராணிகள் வந்து மணிமேக்கரை உயர்த்தின. நாலாவதாக ஒன்பது வந்து ஐவியை உயர்த்தியது. இனி மிச்சமுள்ள 44 சீட்டுகளில் 7 சீட்டுத்தான் மணிமேக்கரைக் காப்பாற்றக்கூடியவை. ஐந்தாவது சீட்டைத் திருப்பினார்கள். ஆஸ்! ஐவி பத்தாவது ஸ்தானத்தோடு எழுந்து போனார். அந்த இடத்தில் வேறு சீட்டு வந்திருந்தால் மணிமேக்கரின் குவியல் வெகுவாகக் குறைந்திருக்கும். அவருடைய பெயர் நமக்கு எட்டியே இருக்காது என்றும் நினைக்க இடமுண்டு. பத்தாயிரம் பேரை லாஸ் வேகாஸுக்கு இழுத்த கதை அந்த ஒரு சீட்டின்மேல் நின்றது.

இப்போது ஒரு சாதாரணப் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். நூறு பேர் தலைக்கு 1,100 ரூபாய் கட்டுகிறார்கள். அதில் 1,000 ரூபாய் பரிசுக்கு. 100 ரூபாய் நடத்துகிறவருக்கு. ஏறக்குறைய 15 பேருக்குப் பரிசு கிடைக்கும். அவர்களிலும் கீழ் ஸ்தானத்தில் உள்ளவர்களுக்குக் கட்டியதைப்போல் இரண்டு பங்கு வந்தால் அதிகம். பெருந்தொகை முதல் மூன்று பேருக்கே போகிறது. மற்ற 85 பேரும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். எல்லாரும் சம சாமர்த்தியசாலிகள் என்றால், பத்து வாரம் தொடர்ந்து ஒரு காசும் பெறாமல் போவது ஐந்து பேரில் ஒருவருக்கு நேரக்கூடியது. வாரந்தோறும் ஆடுகிறவர் ஒரு வருஷத்தில் கட்டும் தொகை 57,200 ரூபாய். இதில் 5,200 ரூபாய் எந்தச் சீட்டு வந்தாலும் நடத்துகிறவருடைய பெட்டிக்குப் போய்ச் சேரும். அவர் ஒருவர்தான் ஒருநாளும் தோற்காதவர்.

இங்கே ஒரு நியாயம் சொல்லவேண்டும். "இன்று 1,100 ரூபாய்க்கு மேல் எனக்கு நஷ்டம் வராது" என்று முன்கூட்டியே தெரிந்து உட்காருவது பந்தயப் போட்டியில் உள்ள நன்மை. நளமகாராஜனுக்கும் தருமபுத்திரருக்கும் அந்த வசதி இருந்ததில்லை. ஆனால் அந்த நன்மையிலேதான் தீமையும் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு நஷ்டமும் சிறியதாக இருப்பதனால் ஒருவரும் அவற்றைக் கூட்டிப் பார்ப்பதில்லை. ஜயித்த இரவு பத்து வருஷத்துக்கு ஞாபகத்தில் இருக்கிறது. தோற்ற நாற்பது இரவுகள் பத்து நாளில் மறந்துபோகின்றன. "என் தப்பு ஒன்றுமில்லை, கடைசிச் சீட்டு கழுத்தை அறுத்துவிட்டது" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கைவசம் இருக்கிறது. அதில் பாதி உண்மையாகவும் இருக்கிறது. அதுதான் விபரீதம்! சாமர்த்தியம் வெளிப்படுவதற்கு ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடியாக வேண்டும். சனிக்கிழமைதோறும் ஆடுகிறவருடைய ஆயுளில் அத்தனை சனிக்கிழமைகள் இல்லை. ஆகையால் தாம் கெட்டிக்காரரா, அதிர்ஷ்டசாலியா, இரண்டும் அல்லாதவரா என்பது அவருக்குக் கடைசி வரையில் தெரியாமலே போய்விடலாம். தெரியாத இடத்தில் மனம் தனக்குப் பிரியமான பதிலையே எழுதிக்கொள்கிறது.

சாமர்த்தியம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டவர்கள் மட்டும் சுகப்பட்டார்களா? ஸ்டூ உங்கர் என்பவர் 1980, 1981 என்ற இரண்டு வருஷங்களிலும் உலகப் போட்டியை ஜயித்தார். பிறகு போதைப் பழக்கத்திலும் பந்தயப் பித்திலும் எல்லாவற்றையும் இழந்தார். 1997-ல் மற்றொருவர் கட்டணம் கட்ட, மூன்றாம் முறையும் ஜயித்து 10 லட்சம் டாலர் பரிசு பெற்றார். அடுத்த வருஷம் நவம்பர் மாதத்தில், லாஸ் வேகாஸில் ஒரு மலிவான விடுதி அறையில், 45-வது வயதில் இறந்து கிடந்தார். சீட்டைப் படிக்கும் வித்தை அவருக்குத் தெரிந்ததுபோல் வேறொருவருக்குத் தெரியாது என்று இன்றும் சொல்கிறார்கள்.

நமது தேசத்தில் இந்த விவகாரம் நியாய ஸ்தலங்களிலே நெடுங்காலமாக நடந்திருக்கிறது. 1867-ல் ஆங்கில ஆட்சியார் செய்த பொதுச் சூதாட்டச் சட்டம், வெறும் சாமர்த்தியத்தால் ஆடும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. 1968-ல் சுப்ரீம் கோர்ட்டு, ரம்மியில் சாமர்த்தியமே மேலோங்கியது என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2022-ல் தமிழ்நாடு சட்டசபை, கடனாலும் தற்கொலையாலும் பல குடும்பங்கள் சீரழிந்ததைக் கருதி, பணம் கட்டி ஆடும் இணைய ரம்மியையும் போக்கரையும் தடுத்தது. 2023 நவம்பரில் சென்னை ஹைக்கோர்ட்டு, அவ்விரண்டையும் வெறும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு, சாமர்த்தியம், அதிர்ஷ்டம் என்ற பேதமே பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்துச் சட்டம் செய்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக வக்கீல்கள் வாதாடிய கேள்வி ஒன்று. வீட்டில் அடுப்பு மூட்டுகிறவள் கேட்கும் கேள்வி வேறு. "சாமர்த்தியமோ, அதிர்ஷ்டமோ, இந்த மாதம் எவ்வளவு போயிற்று?" என்பதுதான் அவளுடைய கேள்வி.

வள்ளுவர் சூதுக்கு என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதன் முதற் குறளில் அவர் எச்சரிப்பது தோற்றவனை அல்ல, ஜயித்தவனை. மனித சுபாவத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார், பாருங்கள்! தோற்றவன் எழுந்து போய்விடக்கூடும். ஜயித்தவன்தான் மறுநாளும் வருகிறான். ஊரார் ஜயித்ததைப் பார்த்தவனும் அவன் பின்னாலேயே வருகிறான்.

ஆகையால், சட்டம் இடங்கொடுக்கும் தேசத்தில் சிநேகிதர்களோடு உட்கார்ந்து ஆடுகிறவர் யாராக இருந்தாலும், நாம் சொல்லக்கூடிய யோசனை ஒன்றே. கட்டணத்தை நாடகக் கொட்டகையின் டிக்கட்டாக எண்ணிக்கொள்ளட்டும்; டிக்கட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பார் இல்லை. அப்புறம், இரண்டணா நோட்டுப் புத்தகம் போன்ற ஏதோ ஒன்றில், கட்டியது ஒரு பக்கமும் வந்தது ஒரு பக்கமுமாக ஒவ்வோர் இரவும் எழுதி வரட்டும். வருஷ முடிவில் அதைக் கூட்டி, வீட்டில் உள்ளவர்களிடம் மறைக்காமல் காட்டட்டும். காட்டத் தயங்கினால், அன்றே ஆட்டத்தை நிறுத்திவிடலாம்.

2003-ல் மணிமேக்கர் ஆடியதைப்போல் ஆட ஆசைப்பட்டு எத்தனையோ ஆயிரம் பேர் புறப்பட்டார்கள். அவர் அதற்கு முன் செய்துகொண்டிருந்த உத்தியோகத்தை அவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுக்காகச் செய்தார்களோ!